நாலாவது மாதத்தில் நின்றுபோகும் பதிவுகள்... விடாமல் எழுதும் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும்?

உங்கள் ஊரில் இருக்கும் ஏதாவது ஒரு சின்னக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து பாருங்கள். செக்கு எண்ணெய்க் கடையோ, தையல் கடையோ, வீட்டிலேயே கேக் செய்து விற்பவரோ, யாராக இருந்தாலும் சரி. தொடங்கிய வாரத்தில் தினமும் இரண்டு பதிவு இருக்கும். ரிப்பன் வெட்டிய படம், சாமி படத்துக்கு மாலை போட்ட படம், 'உங்கள் ஆதரவை நாடும்...' என்று ஒரு வாசகம். இரண்டாவது மாதம் வாரத்துக்கு ஒன்று. அப்புறம் தீபாவளி வாழ்த்து. கடைசியாகப் பொங்கல் வாழ்த்து. அது எந்த வருஷத்துப் பொங்கல் என்று பார்த்தால் திக்கென்று இருக்கும்.

கடை மூடிவிட்டதா என்றால், இல்லை. நடந்துகொண்டுதான் இருக்கிறது. பதிவு போடுவதுதான் நின்றுபோயிருக்கிறது. ஆனால் புதிதாகத் தேடி வரும் ஒருவர் அந்தப் பழைய பொங்கல் பானையைப் பார்த்துவிட்டு, 'கடையே இல்லை போலிருக்கு' என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்: "போட்டுப் பார்த்தேங்க... ஒருத்தரும் பார்க்கல."

அவர்கள் சொல்வது பொய்யில்லை. முதல் சில மாதங்கள் உண்மையிலேயே ஒருத்தரும் பார்ப்பதில்லை. அந்த மாதங்களில் என்ன நடக்கிறது, அதை எப்படித் தாண்டுவது, எப்போது 'இது நமக்கு ஆகாது' என்று விட்டுவிடலாம்... இதையெல்லாம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பேர்தான் புதுசு!

'கன்டென்ட் மார்க்கெட்டிங்' என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 'என்னிடம் வாங்குங்கள்' என்று சொல்வது விளம்பரம். வாங்குவதற்கு முன்னால் ஒருவர் மனசில் ஓடுகிற சந்தேகங்களைத் தீர்த்துவைப்பது கன்டென்ட் மார்க்கெட்டிங். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்காரர் சுக்கையும் திப்பிலியையும் மடித்துக் கொடுக்கும்போதே எதை எதோடு சேர்த்து இடிக்கணும் என்றும் சொல்லி அனுப்புவாரே, அதேதான்.

டிராக்டர் தயாரிக்கும் ஜான் டியர் நிறுவனம் 1895-ல், அதாவது டிராக்டர் விற்கத் தொடங்குவதற்கு முன்பே, விவசாயிகளுக்காக 'தி ஃபர்ரோ' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தது. இன்றும் அது வந்துகொண்டிருக்கிறது. 1900-ல் டயர் கம்பெனியான மிஷ்லின், பிரான்சில் வண்டி ஓட்டுபவர்களுக்காக ஒரு கையேடு அச்சடித்து இலவசமாகக் கொடுத்தது. அன்றைக்கு அந்த நாட்டில் இருந்த கார்களே மூவாயிரத்துக்கும் குறைவு. அச்சடித்ததோ ஏறக்குறைய 35,000 பிரதிகள்! டயர் மாற்றுவது எப்படி, பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம் என்கிற விவரங்கள் அதில் இருந்தன. 1920 வரை இலவசமாகவே கொடுத்தார்கள். ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிறார்களே, அதே மிஷ்லின் கையேடுதான்.

அவையெல்லாம் பெரிய கம்பெனிகள், தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதனால், பணமே இல்லாமல் போன ஒருவரின் கதைக்கு வருவோம்.

சமையலறை மேஜையில் ஒரு நீச்சல்குளம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வார்ஸா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 2001-ல் தொடங்கப்பட்டது 'ரிவர் பூல்ஸ் அண்ட் ஸ்பாஸ்' என்கிற நிறுவனம். வீடுகளில் ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் பதித்துக் கொடுப்பது தொழில். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அதை நடத்தியவர் மார்க்கஸ் ஷெரிடன்.

வீட்டு விலையெல்லாம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் வியாபாரம் ஜோராக நடந்தது. ரேடியோ, டி.வி, இன்டர்நெட் என்று விளம்பரத்துக்கே வருஷத்துக்குச் சுமார் 2.5 லட்சம் டாலர் செலவு செய்தார்கள். 2008-ல் பொருளாதாரம் கவிழ்ந்தது. வீட்டுக் கடனே கட்ட முடியாதவர்கள் நீச்சல்குளமா கட்டுவார்கள்? மாதத்துக்கு ஆறு என்றிருந்த ஆர்டர் இரண்டுக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் நாலு வாடிக்கையாளர்கள் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். ஒவ்வொன்றும் 50 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட வேலை. வங்கிக் கணக்கு சில வாரங்களுக்கு மைனஸில் ஓடியது. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது. கம்பெனியை மூடுவதா, வேண்டாமா என்கிற நிலை.

அப்போது ஷெரிடன் செய்தது ஒன்றே ஒன்று. இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் எழுதி வைத்தார். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதினார். ஒரு கேள்வி, ஒரு கட்டுரை. கேள்வியேதான் தலைப்பு. வாரத்துக்கு இரண்டு, மூன்று வீதம் தன் கம்பெனி வெப்சைட்டில் போட்டுக்கொண்டே வந்தார்.

முதலில் அவர் எடுத்த கேள்விகளில் ஒன்று, 'ஃபைபர்கிளாஸ் நீச்சல்குளம் கட்ட எவ்வளவு ஆகும்?'

கேட்க சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தத் தொழிலில் இருந்த யாருமே அதற்கு வெளிப்படையாகப் பதில் சொன்னதில்லை. 'அது இடத்தைப் பொறுத்து, அளவைப் பொறுத்து... நேரில் வாங்க பேசிக்கலாம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நம் ஊர் இன்டீரியர்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஷெரிடனும் அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விலையைச் சொல்லிவிடவில்லை. எதெதெல்லாம் விலையைக் கூட்டும், எது குறைக்கும், வழக்கமாக எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குள் வரும் என்று விளக்கினார். அவ்வளவுதான். அந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்தவர்கள் மூலமாக மட்டும் குறைந்தது 17 லட்சம் டாலருக்கு வியாபாரம் நடந்ததாக 2013-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அவர் கணக்குச் சொன்னார். 2.5 லட்சம் டாலராக இருந்த விளம்பரச் செலவு அதற்குள் 20 ஆயிரம் அளவுக்கு இறங்கியிருந்தது.

விலையோடு அவர் நிறுத்தவில்லை. 'ஃபைபர்கிளாஸ் குளத்தில் என்னென்ன பிரச்னைகள் வரும்?' என்று தன் சரக்கின் குறையைத் தானே எழுதினார். கான்கிரீட் குளத்தோடு ஒப்பிட்டு எழுதினார். இன்னும் ஒருபடி மேலே போய், 'இந்த ஊரில் நன்றாகக் குளம் கட்டுபவர்கள் யார் யார்?' என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் போட்டியாளர்களின் பெயர்கள்தான் இருந்தன. தன் கம்பெனியின் பெயரைச் சேர்க்கவில்லை! படித்தவர்களோ அந்தப் பட்டியலை ஷெரிடனின் வெப்சைட்டில் உட்கார்ந்துதான் படித்தார்கள். இப்படி நேர்மையாக எழுதுகிறவரிடமே கேட்டுவிடலாமே என்று போன் செய்தார்கள்.

தன் வெப்சைட்டில் 30 பக்கங்கள் படித்துவிட்டு வரும் ஒருவர், நேரில் பேசும்போது 80 சதவிகிதம் வாங்கிவிடுகிறார் என்பது அவர் சொல்லும் இன்னொரு கணக்கு. யோசித்துப் பாருங்கள். நீச்சல்குளத்தைப் பற்றி 30 பக்கம் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? பல லட்சம் கொடுத்து வாங்கப்போகிறவருக்கு இருக்கும். மற்றவர்கள் படிக்காவிட்டால் என்ன நஷ்டம்?

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் எழுத்தாளராக ஆசைப்பட்டு எழுத வரவில்லை என்பதுதான். கடையைக் காப்பாற்ற எழுதினார். அதனால் அழகாக எழுத வேண்டும் என்கிற பயமும் அவருக்கு இல்லை. பின்னாளில் இதையெல்லாம் 'அவர்கள் கேட்கிறார்கள், நீங்கள் பதில் சொல்லுங்கள்' என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்து 2017-ல் புத்தகமாகவே கொண்டுவந்தார்.

இன்னொருவரும் இருக்கிறார். நியூ ஜெர்சியில் அப்பாவின் மதுக்கடையைப் பார்த்துக்கொண்ட கேரி வேய்னர்சக். 2006 பிப்ரவரியில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒயின்களை ருசி பார்த்து ஒளிவுமறைவில்லாமல் பேச ஆரம்பித்தார். தன் கடையில் விற்கும் சரக்கே நன்றாக இல்லையென்றாலும் 'நல்லா இல்லை' என்றே சொன்னார். ஆரம்பத்தில் பார்த்தவர்கள் வெகு சிலர்தான். 2011-ல் நிகழ்ச்சியை நிறுத்தியபோது ஆயிரம் எபிசோடுகள் ஆகியிருந்தன. இவரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால், தினமும் கேமரா முன்னால் உட்காருகிற தெம்பும் வாயும் எல்லோருக்கும் இருக்காது. சின்னக் கடைக்காரருக்கு ஷெரிடன் வழிதான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஏன் அந்த நாலு மாத மௌனம்?

கடைக்கு போர்டு மாட்டினால் அன்றைக்கே தெருவில் போகிறவர் கண்ணில் படும். இன்டர்நெட்டில் அப்படியில்லை. நீங்கள் ஒரு பக்கத்தை எழுதிப் போட்டதும், கூகுளின் இயந்திரம் வந்து அதைப் படிக்க வேண்டும். தன் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதன்பிறகு யாராவது அந்தக் கேள்வியைத் தேடும்போது, ஏற்கெனவே இருக்கும் பக்கங்களோடு ஒப்பிட்டு உங்களுடையதை எத்தனையாவது இடத்தில் காட்டலாம் என்று முடிவு செய்ய வேண்டும். புதுக் கடையை யாரும் உடனே நம்புவதில்லை, கூகுளும் அப்படித்தான்.

கூகுளில் வேலை பார்த்த மெய்ல் ஓயே, வெப்சைட்களை மேம்படுத்தும் ஆட்களை எப்படி வேலைக்கு எடுப்பது என்று 2017-ல் ஒரு வீடியோவில் விளக்கினார். மாற்றங்களைச் செய்து அதன் பலன் தெரிவதற்குப் பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகும் என்றார். கூகுள் தரப்பே சொல்லும் கெடு இது. நம்மவர்கள் நிறுத்துவதோ நாலாவது மாதத்தில்! விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, முளை வருகிற வாரத்தில் நிலத்தை விட்டுப் போவது மாதிரி.

இதை மனசில் வைத்துக்கொண்டால் சீசன் வியாபாரிகளுக்கு ஒரு விஷயம் புரியும். தீபாவளிப் பலகாரம் பற்றி ஐப்பசியில் எழுதினால் அந்தத் தீபாவளிக்கு உதவாது. ஆடியிலேயே எழுதிவிட வேண்டும். முகூர்த்த பிளவுஸ் தைப்பவர் தை மாதக் கல்யாணங்களுக்கான பதிவை ஆவணி, புரட்டாசியில் போட வேண்டும். பிந்தினாலும் குடிமுழுகிவிடாது. அது அடுத்த வருஷத்துக்கு உதவும். ரீல்ஸ் போட்டால் இரண்டு நாளில் அதன் ஆயுசு முடிந்துவிடும். சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் கட்டுரை, கேள்வி இருக்கும்வரை இருக்கும்.

என்னத்தைங்க எழுதுறது?

முதல் வாரம் கேட்காத இந்தக் கேள்வி மூணாவது வாரம் கண்டிப்பாக வரும். பதில் உங்கள் கல்லாவுக்கு எதிரில் நிற்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி கல்லாவில் வையுங்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அழகுபடுத்தாதீர்கள்.

மரச்செக்கு எண்ணெய்க் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரத்தில் என்னவெல்லாம் கேட்பார்கள்?

"கடையில விக்கிற எண்ணெயவிட உங்களோடது ஏன் இவ்ளோ விலை?"

"அடியில கசடு நிக்குதே, பழசா?"

"கடலை எண்ணெய் வடச்சட்டியில பொங்குதுங்க, கலப்படமா?"

"மார்கழி மாசம்கூட தேங்காயெண்ணெய் உறையலையே, ஒரிஜினல்தானா?"

நாலு கேள்வி, நாலு பதிவு. இரண்டு மாதத்துக்குப் போதும். முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். இன்றைய எள் விலை இது, கருப்பட்டி இவ்வளவு, கரன்ட், ஆட்கூலி இவ்வளவு, புண்ணாக்கு விற்ற காசு இவ்வளவு கழிகிறது, எனக்கு நிற்பது இவ்வளவு என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். இதைப் படித்தவர் அப்புறம் உங்களிடம் பேரம் பேச மாட்டார். பேசினாலும் சங்கடப்பட்டுக்கொண்டுதான் பேசுவார்!

கடலை எண்ணெய் ஏன் பொங்குகிறது? சுத்திகரித்த எண்ணெயில் நீக்கிவிடும் பசைப்பொருள்களும் கொஞ்சம் ஈரப்பதமும் செக்கு எண்ணெயில் இருப்பதால்தான். தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையத் தொடங்கும். அதனால் ஊட்டியில் கல்லாக நிற்கும் அதே எண்ணெய் சென்னைச் சமையலறையில் திரவமாகவே இருக்கலாம். இதெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. 'இதைப் போய் எழுதணுமா' என்றுகூட நினைப்பீர்கள். தெரியாதவர்தான் தேடுகிறார், அவருக்காகத்தான் எழுதுகிறோம்.

எழுத வராது என்பவர்களுக்கு ஒரு வழி. போன் கீபோர்டில் இருக்கும் மைக்கை அழுத்தி, வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரியே தமிழில் பேசுங்கள். அதுவே எழுத்தாக்கிக் கொடுக்கும். அப்புறம் தப்புகளைத் திருத்தினால் போதும். பேச்சு வழக்கு அங்கங்கே எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். இன்னொரு விஷயம், நம் ஆட்களில் பலர் தமிழைத் தமிழ் எழுத்தில் தேடுவதில்லை. ஆங்கில எழுத்தில் 'செக்கு எண்ணெய் விலை' என்று தட்டுவார்கள். தலைப்பிலோ, உள்ளேயோ ஓரிடத்தில் அப்படியும் ஒருமுறை எழுதிவைப்பது நல்லது.

தினமும் வேண்டாம்... ஆனால் தவறவும் வேண்டாம்

விடாமுயற்சி என்றதும் தினமும் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலருக்கும் வண்டி கவிழ்வதே அங்கேதான். கடையைத் திறப்பது, சரக்கு எடுப்பது, ஜி.எஸ்.டி கணக்கு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று இருக்கிறவர் தினம் ஒன்று எழுதினால் மூணு வாரத்தில் வெறுத்துவிடும். வீட்டிலும் திட்டு விழும்.

பதினைந்து நாளைக்கு ஒன்று. அவ்வளவுதான். வருஷத்துக்குச் சுமார் 24 ஆகிறது. உங்கள் தொழிலில் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளே முப்பது, நாற்பதைத் தாண்டாது. ஒன்றரை வருஷத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடித்திருப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமிக்குப் போடுங்கள். காலண்டரைப் பார்க்காமலே ஞாபகம் இருக்கும். கூடவே, வேலை குறைவாக இருக்கும் மாதத்தில் நாலைந்தை எழுதிக் கையிருப்பு வைத்துக்கொண்டால், சீசன் நெருக்கடியில் தவறாது. ஊறுகாய் போட்டு வைக்கிற மாதிரிதான்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்' குடும்பத்தை எல்லோருக்கும் தெரியும். 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அவர்களுடையது. அவர்கள் பொருள் விற்கும் கடைக்காரர்கள் இல்லை, அந்த எண்ணிக்கையையும் நாம் கனவு காண வேண்டாம். நான் கவனித்தது வேறு. அதே வயல், அதே தாத்தா, அதே ஆட்கள், அதே மாதிரி சமையல். ஒரு வடிவத்தைப் பிடித்தார்கள், அதை மாற்றவில்லை. வாரத்துக்கு ஒரு புது ஐடியா தேடி அலைகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

'அதுக்குத்தான் இப்ப ஏ.ஐ வந்தாச்சே, நூறு கட்டுரை ஒரே நாள்ல எழுதிடலாமே' என்று ஒரு சுருக்கு வழி பேசப்படுகிறது. தேடலில் இடம் பிடிக்க மட்டும் கட்டுக்கட்டாகப் பக்கங்களை உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்துவிட்டது. அதுவும் போக, 'நல்லெண்ணெயின் நன்மைகள்' மாதிரிப் பொதுவான கேள்விக்கு இப்போது கூகுளே மேலே ஏ.ஐ சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறது. இந்தியாவிலும் 2024-லிருந்து அது வந்துவிட்டது. பல பேர் கீழே இருக்கும் பக்கங்களைத் தொடுவதே இல்லை. ஆனால் 'உங்க செக்குல போன வாரம் ஆட்டின எண்ணெய் ஏன் கொஞ்சம் கருத்திருக்கு?' என்பதற்கு எந்த இயந்திரத்திடமும் பதில் கிடையாது. உங்கள் கடையில் நடந்ததை எழுதுங்கள், உங்கள் விலையை எழுதுங்கள், நீங்கள் எடுத்த படத்தைப் போடுங்கள்.

வாடகை வீட்டில் மாடி கட்டாதீர்கள்

2020 ஜூன் 29 ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. அதை மட்டுமே நம்பி ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் மொத்த உழைப்பும் ஒரே ராத்திரியில் போயிற்று. அதற்கு முன்னால் ஆர்குட் போனது, கூகுள் பிளஸ் போனது.

அதற்காக இன்ஸ்டாகிராம், யூடியூப் வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் எழுதியதன் மூலப்பிரதி உங்கள் பெயரில் உள்ள வெப்சைட்டில் இருக்கட்டும். ஆரம்பத்தில் செலவே இல்லாமல் பிளாகரிலோ, வேர்ட்பிரஸ்ஸிலோ தொடங்கலாம். கொஞ்சம் காலூன்றியதும் சொந்த டொமைன் பெயர் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது உங்கள் பெயரில், உங்கள் மெயில் ஐ.டி-யில் பதிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து கொடுக்கும் பையனின் பெயரில் வாங்கிவிட்டு, அவர் துபாய்க்குப் போனதும் பாஸ்வேர்டு தெரியாமல் திண்டாடும் கூத்து எல்லா ஊரிலும் நடக்கிறது.

பதிவை எழுதி முடித்ததும் அதன் லிங்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வையுங்கள். யாராவது போனில் அதே கேள்வியைக் கேட்டால், பதிலோடு லிங்க்கையும் அனுப்புங்கள். கூகுள் உங்களைக் கண்டுகொள்ளாத அந்த முதல் மாதங்களில்கூட, இப்படி அனுப்பும் ஒவ்வொரு லிங்க்கும் உங்கள் தொண்டைத் தண்ணீரை மிச்சப்படுத்தும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வக்கோளாறில் 'இந்த எண்ணெய் சர்க்கரை நோயைக் குணமாக்கும்', 'இந்தக் கஞ்சி புற்றுநோயை விரட்டும்' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். குறிப்பிட்ட சில நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாம் இருக்கின்றன. உணவுப் பொருள்களைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதற்கு 2018-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ தனி விதிமுறைகளே கொண்டுவந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துப் போட்டேன் என்ற சமாதானம் எடுபடாது. சட்டம் கிடக்கட்டும், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்?

யாரும் பார்க்கலையா... உண்மையாகவா?

லைக்கை எண்ணாதீர்கள். லைக் போடுவது பெரும்பாலும் மச்சானும் பள்ளிக்கூட நண்பர்களும்தான். வாங்கப்போகிறவர் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போவார்.

கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் உங்கள் வெப்சைட்டை இணைத்துவிடுங்கள். என்ன வார்த்தையைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை தடவை, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது சொல்லும். முதலில் 'காட்டப்பட்டது' என்ற எண்தான் மெதுவாக ஏறும். உள்ளே வருவது பிறகுதான். வெளியே எல்லாம் மௌனமாக இருக்கும்போது, மண்ணுக்குள் வேர் பிடிப்பதைக் காட்டும் கண்ணாடி இது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், தினமும் பார்த்தால் மனசு விட்டுப்போகும்.

கடைக்குப் புதிதாக வருகிறவரிடம் "எப்படிங்க நம்ம கடை தெரிஞ்சுது?" என்று கேட்டு அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் படித்து அதில் இரண்டு பேர் வந்தாலும், அவர்கள் மாதாமாதம் வாங்குகிறவர்கள் என்றால், ஆயிரம் லைக்கைவிட அது மேல்.

சரி, எல்லோரும் இதைச் செய்துதான் ஆக வேண்டுமா? வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் பக்கத்து இரண்டு தெருவில் இருப்பவர்கள் என்றால், பிளாக் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். இட்லி மாவுக் கடைக்குக் கட்டுரை எதற்கு? கூகுள் மேப்பில் கடையின் பெயர், போன் நம்பர், திறக்கும் நேரம், இரண்டு நல்ல படம் சரியாக இருந்தால் போதும். யோசித்து, விசாரித்து, ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிற பொருளுக்குத்தான் இந்த வழி. மாடுலர் கிச்சன், சோலார் பேனல், கல்யாண போட்டோ, பட்டுப்புடவை, செக்கு எண்ணெய், மாடித்தோட்டம்... இப்படி.

அதேபோல, ஒரு வருஷம் ஒழுங்காக எழுதியும் சர்ச் கன்சோலில் அசைவே இல்லை, நோட்டின் கடைசிப் பக்கமும் காலியாக இருக்கிறது என்றால், அதே மாதிரி இன்னொன்றை எழுதுவதில் அர்த்தமில்லை. ஜனங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று பாருங்கள். அல்லது உங்கள் ஆட்கள் படிக்கிறவர்களாக இல்லாமல், வீடியோ பார்க்கிறவர்களாக இருக்கலாம். கேள்விகள் அதேதான், எழுதியதை வாயால் சொல்லுங்கள்.

இரண்டாவது வருஷம் வேலை பாதியாகிவிடும். புதிதாக எழுதுவது குறையும், பழையதைத் திருத்துவது கூடும். 'எள் விலை போன தை மாசம் இவ்வளவு, இந்தத் தை மாசம் இவ்வளவு' என்று அந்த விலைப் பதிவில் இரண்டு வரியை மாற்றி, மேலே திருத்திய தேதியைப் போடுங்கள். எங்கோ ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் உங்கள் கடை ஷட்டர் இறக்கியிருக்கும்.